ஊழியர் நலப் பயிற்சி ஒன்றை வாங்கினோம்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கொழும்பில் அலுவலகங்களுக்கு மனவடு பற்றிப் பாடம் நடத்தும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. உங்கள் ஊழியர்களில் பலர் ஏதோ ஒரு பேரிடியைத் தாங்கி வந்தவர்களாக இருப்பார்கள், அதை மனத்தில் வைத்து வேலைத்தலத்தை நடத்துங்கள் என்பதுதான் இவர்கள் சொல்வது. சொல்வதில் பிழையில்லை. இந்த நாட்டில் அப்படி ஒன்றைத் தாங்காதவரைத் தேடிப் பிடிப்பதுதான் சிரமம். அதை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அதற்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

காப்புறுதித் துறையில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் வேலை செய்கிறேன். பயிற்சி வேண்டும் என்று முடிவெடுத்தது மேலிடம். விலைமனு கேட்டது, ஆட்களைச் சேர்த்தது, சாப்பாட்டுக்குத் தலை எண்ணியது, கடைசியில் வவுச்சரில் கையெழுத்திட்டது எல்லாம் நான். ஆகவே இதைக் காசு கொடுத்து வாங்கிய ஒருத்தியின் கணக்காக வாசியுங்கள். பயிற்சி தந்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எங்களுக்கு விலைமனு அனுப்பியவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பொதியைத்தான் விற்கிறார்கள். பெயர் மாறினாலும் நீங்கள் வாங்கப் போவது இதுவாகத்தான் இருக்கும். அவசரமாக வாசிப்பவர்களுக்கு முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் காசுக்குக் கேடு. இரண்டாம் நாள் கொடுத்ததற்கு மேல்.

எங்கள் கந்தோர் கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், ஒரு மலாய்க் குடும்பத்துப் பெண், ஓய்வுபெற மனமில்லாத ஒரு பறங்கியர் என்று கலந்த கூட்டம். இழப்பீட்டுப் பிரிவுப் பிள்ளைகள் காலையில் வந்து கணினியைத் திறந்ததும் பார்ப்பது நொறுங்கிய முச்சக்கரவண்டியின் படம். சில நாட்களில் அதற்குள் இருந்தவரின் படமும் சேர்ந்து வரும். தொலைபேசியில் அழுபவர்களிடம் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் கேட்பது அவர்களுடைய தொழில். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று, 13 மணிநேர மின்வெட்டில் தூங்காமல் இருந்து, காலையில் வந்து இதைத்தான் செய்தார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு நல்ல பிள்ளைகள் சிலர் வேலையை விட்டுப் போனார்கள். பாதிப் பேர் வெளிநாடு போனார்கள், மீதிப் பேர் சும்மா போனார்கள். மேலிடத்துக்கு அப்போதுதான் ஊழியர் நலம் ஞாபகம் வந்தது.

பொதி இப்படி இருந்தது. முதல் நாள் ஹோட்டல் மண்டபத்தில் முழுநாள் செயலமர்வு. இரண்டாம் நாள் அலுவலகத்துக்கே வந்து சுற்றிப் பார்த்து, படிவங்களையும் நடைமுறைகளையும் ஆராய்வது. பிறகு எழுத்தில் ஓர் அறிக்கை, ஆறு மாதத்துக்குத் தொலைபேசியில் உளவளத்துணை. எல்லாம் சேர்த்து ஐந்து இலட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, வரி தனி. இதில் முக்கால் பங்கு முதல் நாளுக்கே போகிறது என்பது விலைப்பட்டியலைப் பிரித்துத் தரச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. நீங்களும் பிரித்துக் கேளுங்கள். தர மாட்டோம் என்பவர்களிடம் வாங்காதீர்கள்.

முதல் நாள் வந்த வளவாளர் இளைஞர். நல்ல உடுப்பு, நல்ல குரல், வெளிநாட்டுப் படிப்பு. மண்டபத்தைத் தெரிவு செய்ததும் அவர்களே, அதுவும் பொதிக்குள் அடக்கம். வாசலில் ஏழெட்டுப் படிகள், சாய்தளம் இல்லை. எங்கள் கணக்குப் பிரிவில் சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் இருக்கிறார். அவரை இரண்டு சாரதிகள் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். உள்ளே திரையில் "உள்வாங்கும் வேலைத்தலம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு இந்த நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்று மதியத்துக்குப் பிறகு ஒரு ஸ்லைடுப் படத்தில் காட்டினார்கள். நாளும் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் எப்போது எழுந்து போவது என்று நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் கையைக் காட்டிவிட்டுப் போனார்கள், பள்ளிப் பிள்ளைகளைப் போல.

முதல் படத்தில் எதைப் போடுவார் என்று எனக்குத் தெரியும், அதையே போட்டார். மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் உலகம் ஆண்டுதோறும் 12 பில்லியன் வேலைநாட்களை இழக்கிறது, அதன் பெறுமதி ஒரு ட்ரில்லியன் அமெரிக்க டொலர். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எண்தான், பொய்யில்லை. ஆனால் அதே நிறுவனம் வேலைத்தல மனநலம் பற்றி 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில், வேலைச்சுமை, வேலைநேரம், முகாமையாளர்களின் நடத்தை ஆகியவற்றைச் சீர்செய்வது பற்றியும் நிறையச் சொல்லியிருக்கிறது. அந்தப் பகுதி படத்தில் வரவில்லை. மேலதிகாரிகள் முன்வரிசையில் இருந்தார்கள், அதனால் இருக்கலாம்.

அடுத்து, மனவடுவை மனத்தில் வைத்து நடப்பதற்கான ஆறு கோட்பாடுகள். அமெரிக்க அரசின் மனநலச் சேவை முகவரகம் ஒன்று 2014இல் வகுத்தவை. பாதுகாப்பு, நம்பகமும் ஒளிவுமறைவின்மையும், ஒத்த அனுபவமுள்ளவர்களின் துணை, கூடிச் செயற்படுதல், தன் குரலும் தன் தெரிவும், பண்பாடும் வரலாறும் பால்நிலையும் பற்றிய கவனம். ஆறும் நல்லவை, இன்று வரை இதைவிடத் தெளிவான பட்டியலை நான் பார்க்கவில்லை. ஆறாவதை வாசித்துவிட்டு அவர் அடுத்த படத்துக்குத் தாவியதுதான் என்னை உறுத்தியது. கொழும்பில் நின்றுகொண்டு வரலாறு என்ற சொல்லை ஒரு மூச்சில் தாண்டுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

பிறகு வந்தது மரம். தடித்த அட்டையில் வெட்டிய ஒரு பெரிய மரத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கொரு பச்சைக் காகித இலை. வாழ்க்கையில் மிகக் கனமான நாளை அதில் எழுதி, விரும்பினால் வாசித்து, மரத்தில் ஒட்ட வேண்டும். "இது பாதுகாப்பான இடம்" என்று மூன்று மொழியிலும் சொன்னார்.

அந்த வட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 1983 ஜூலையில் அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், சில வருடங்களில் மறுபடி கொழும்புக்கே வந்தவர் ஒருவர் இருந்தார். 2009 மே வரை முள்ளிவாய்க்காலில் இருந்து உயிரோடு வந்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இரண்டு கதிரை தள்ளி, அதே காலத்தில் இராணுவத்தில் இருந்துவிட்டு இப்போது எங்களிடம் சாரதியாக இருப்பவர். இருவருக்கும் நல்ல சிநேகம். அவர் ஊருக்குப் போய் வந்தால் அவளுக்குக் கித்துல் கருப்பட்டி கொண்டுவருவார். அவள் வீட்டுப் பலகாரத்தில் அவருடைய பிள்ளைகளுக்கென்று ஒரு பங்கு தனியாக வரும். எந்த வருடம் எங்கே இருந்தீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்காததால் நிலைக்கும் சிநேகம் அது. இந்த நகரத்தில் எத்தனையோ அலுவலகங்கள் இந்தக் கேட்காமையின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதன் நடுவில் கதிரையைப் போட்டு, இலையைக் கொடுத்து, எழுதுங்கள் என்றார் இந்தத் தம்பி.

கொஞ்ச நேரம் பேனாக்கள் அசையவில்லை. பிறகு யாரோ ஒருவர் எழுந்து, 2022இல் கேஸ் சிலிண்டருக்கு இரவு முழுக்க வரிசையில் நின்ற கதையை வாசித்தார். அறையே மூச்சுவிட்டது. அடுத்தவரும் கேஸ் வரிசை. அதற்கடுத்தவர் பெற்றோல் வரிசை. பிறகு கொரோனா ஊரடங்கு, மறுபடி கேஸ். எல்லாருக்கும் சொல்லக்கூடிய, யாரையும் குற்றம் சாட்டாத, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கக்கூடிய ஒரே துன்பத்தை எங்கள் ஆட்கள் நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களுடைய சாமர்த்தியத்தை நான் அன்று மெச்சினேன். வளவாளர் மகிழ்ந்துபோனார். "பாருங்கள், உங்கள் எல்லாருடைய வலியும் ஒன்றே" என்று சொல்லி மரத்தைப் படம் பிடித்தார். அந்தப் படம் பின்னர் அறிக்கையின் அட்டையில் வந்தது.

ஒரே ஒருவர் மட்டும் கேட்டதற்கு உண்மையாகவே பதில் எழுதியிருந்தார். காலிப் பக்கத்து ஊரைச் சேர்ந்த சிங்களப் பெண், வரவேற்பு மேசையில் இருப்பவர். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி பெரலியவில் கடல் அள்ளிக்கொண்ட ரயிலில் அவருடைய அக்கா இருந்திருக்கிறார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்த ரயில் அது. இத்தனை வருடம் ஒன்றாக வேலை செய்தும் எங்களில் யாருக்கும் இது தெரியாது. தொடங்கியவருக்கு நிறுத்த முடியவில்லை. வளவாளர் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே புஃபே தயார் என்று ஹோட்டல்காரர் கதவில் நின்றார். கடைசியில், "மிகத் துணிச்சலான பகிர்வு, எல்லாரும் கைதட்டுவோம்" என்றார். கைதட்டினோம். அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவரோடு யாரும் தனியாக உட்காரவில்லை. அதற்கென்று பயிற்றப்பட்டவர் ஒருவரையும் நிறுவனம் அழைத்து வந்திருக்கவில்லை. திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

இந்த வட்டத்தின் மேல் எனக்கு வெறும் எரிச்சல் மட்டும் அல்ல. ஓர் அனர்த்தம் நடந்தவுடன் ஆட்களை உட்காரவைத்து நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் எங்கும் பரவியிருந்தது. அது பின்னால் வரும் நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, அதைச் செய்ய வேண்டாம் என்று 2013இல் உலக சுகாதார நிறுவனம் எழுத்திலேயே சொல்லிவிட்டது. அதே நிறுவனம் வேறு அமைப்புகளோடு சேர்ந்து 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார், கேள், இணை என்று மூன்று சொல்லில் நிற்கிறது. பேச விரும்பாதவரைப் பேசத் தூண்டாதே என்று அதில் தெளிவாக இருக்கிறது. வைத்தியர்களே நடந்த உடனே செய்யக் கூடாது என்று விட்ட ஒன்றை, வருடக்கணக்கு ஆன பிறகு, சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர் பக்கத்துக் கதிரையில் இருக்க, புஃபேக்கு முன் செய்தால் எப்படிச் சரியாகும் என்று இடைவேளையில் வளவாளரிடம் கேட்டேன். "இது சிகிச்சை இல்லை மிஸ், விழிப்புணர்வு" என்றார். ஐந்து இலட்சத்தின் பெரும்பகுதி அந்த வாக்கியத்துக்குப் போனது.

சில நாட்கள் கழித்து நடந்த இரண்டாம் நாளுக்கு வேறொருவர் வந்தார். மட்டக்களப்பைச் சேர்ந்த, அறுபது தாண்டிய பெண். அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர், சுனாமி முகாம்களில் வேலை செய்தவர். ஊரில் எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிட்டதால் எங்களையும் அப்படியே கூப்பிடச் சொன்னார். படம் இல்லை, புரொஜெக்டர் இல்லை, ஒரு கொப்பியும் பேனாவும். வேகமாகப் பேசுவார், இடையில் குறுக்கிட்டால் முகத்தைச் சுளிப்பார். அலுவலகத்துக்குள் நேரே வராமல், காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் ஊழியர் எப்படி வருவாரோ அப்படியே ஒழுங்கையால் நடந்து வருவோம் என்றார்.

வாசலிலேயே ஒரு மணி நேரம் போனது. காவலாளியின் மேசையில் வருகைப் பதிவேடு இருக்கிறது: பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், தற்காலிக முகவரி, வந்த காரணம். சொந்த ஊர் எதற்கு என்று மிஸ்ஸி கேட்டார். காவலாளிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, நான் சேர்ந்த நாளிலிருந்து அந்த நிரல் இருக்கிறது. யுத்த காலத்தில் அச்சடித்த பதிவேட்டை அப்படியே திரும்பத் திரும்ப அச்சடித்திருக்கிறோம். 2007 ஜூனில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லாட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரைக் கொழும்பில் இருக்கக் காரணம் கேட்டுப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அந்த மாதம் கொழும்பில் இருந்த ஒருவரிடம், சீருடை போட்ட ஒருவர், பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சொந்த ஊர் எது, வந்த காரணம் என்ன என்று கேட்டால் அவருக்கு என்ன ஞாபகம் வரும்? காவலாளி நல்ல மனிதர், புன்னகையோடுதான் கேட்கிறார். கேள்வி அச்சில் இருக்கிறது. மிஸ்ஸி பெயரைத் தவிர மற்ற நிரல்களைக் கோடிட்டு அடித்தார். புதிய பதிவேட்டில் பெயரும் யாரைச் சந்திக்க வந்தார் என்பதும் மட்டும்தான். செலவு, ஒரு பதிவேட்டின் அச்சுக்கூலி.

வரவேற்புப் பகுதியில் தொலைக்காட்சி எப்போதும் செய்தி அலைவரிசையில் ஓடும். விபத்துக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் விபத்து இழப்பீட்டுக்கு வந்தவர்கள். இதைச் சொல்ல வெளியாள் ஒருவர் வர வேண்டியிருந்தது என்பது எங்கள் எல்லாருக்கும் வெட்கம்தான். இப்போது கிரிக்கெட் ஓடுகிறது, இல்லையென்றால் சத்தமில்லாமல் சமையல்.

விசாரணை அறை என்று நாங்கள் அழைக்கும் சிறிய அறையில் மிஸ்ஸி ஒவ்வொரு கதிரையிலும் உட்கார்ந்து பார்த்தார். ஊழியரை இருத்தும் கதிரைக்குக் கதவு முதுகுப் பக்கம். "இதில் இருக்கிறவருக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. மேசையைத் திருப்புங்கள்" என்றார். திருப்பினோம். அறையின் பெயரையும் மாற்றச் சொன்னார். அது இன்னும் மேலிடத்தில் ஆலோசனையில் இருக்கிறது.

தீயணைப்பு ஒத்திகையை முன்னறிவித்தல் இல்லாமல் நடத்துவது எங்கள் வழக்கம். அப்போதுதான் உண்மையான தயார்நிலை தெரியும் என்பார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது அங்கே இருந்த ஒருவர் எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறார். சைரன் அடித்தால் அவர் படிக்கட்டுப் பக்கம் போவதில்லை, மேசைக்குக் கீழே போகிறார். அவருடைய புள்ளி ஒத்திகை அறிக்கையில் ஒவ்வொரு தடவையும் குறைவாகவே வந்திருக்கிறது. இப்போது ஒத்திகைக்கு முந்தைய நாள் மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டுகிறோம். சித்திரைப் புத்தாண்டுக்குக் கார் நிறுத்துமிடத்தில் சுபநேரத்துக்குப் பட்டாசு கொளுத்துவதைப் பற்றியும் மிஸ்ஸி கேட்டார். அதை நிறுத்தச் சொல்லவில்லை. எத்தனை மணி என்று சொல்லிவிட்டுக் கொளுத்துங்கள், விரும்பாதவர் அந்த நேரம் வெளியே போய்விட்டு வரட்டும் என்றார். பட்டாசை நிறுத்தினால் யாரால் நின்றது என்று பேச்சு வரும், அந்தப் பேச்சு பட்டாசைவிட மோசம் என்றும் சொன்னார். ஹோட்டல் மண்டபத்தில் வரலாறு என்று ஒரு நொடியில் கடந்துபோன விடயம் இதுதான்.

பிற்பகல் படிவங்கள். மனிதவளப் பிரிவில் ஒவ்வொரு ஜனவரியும் எல்லாரும் நிரப்பித் தரவேண்டிய விபரப் படிவம் ஒன்று உண்டு. அதில் விவாக நிலை என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: திருமணமானவர், ஆகாதவர், விதவை, விவாகரத்தானவர். மிஸ்ஸி பேனாவை அதன் மேல் வைத்துவிட்டு, "புருஷனைக் காணாதவர் எதில் புள்ளடி போடுவார்?" என்று கேட்டார்.

மனிதவளப் பிரிவுத் தம்பி, "அப்படி இங்கே யாரும் இல்லையே மிஸ்ஸி" என்றான்.

இருக்கிறார். தரவு பதியும் பிரிவில். முதல் வருடம் அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தார். "பூர்த்தி செய்யவும்" என்று மஞ்சள் ஒட்டுத்தாளோடு திரும்பி வந்தது. இன்னொரு வருடம் திருமணமானவர் என்று புள்ளடி போட்டு, கணவரின் தொலைபேசி இலக்கம் கேட்ட இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். அதற்கும் மஞ்சள் தாள் வந்தது. ஒட்டியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆளும் வருடத்துக்கு வருடம் மாறினார்கள். படிவம் மட்டும் மாறவில்லை. இந்த நாட்டில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்தது. மரணச் சான்றிதழ் வாங்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழும் அதே வருடம் சட்டத்தில் இடம்பெற்றது. பாராளுமன்றம் ஒத்துக்கொண்ட ஐந்தாவது நிலையை எங்கள் படிவம் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது கட்டம் ஒன்று போடலாமா என்று தம்பி கேட்டான். "கட்டமே எதற்கு? அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்" என்றார் மிஸ்ஸி. இந்த வருடம் அந்தப் படிவம் ஒரு பக்கமாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சகோதரி தன் தம்பியின் இலக்கத்தை எழுதிக் கொடுத்திருந்தார். மஞ்சள் தாள் போகவில்லை.

லீவுப் படிவத்திலும் இதே கைவேலை. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. ஆண்டு லீவு 14 நாள், தனிப்பட்ட தேவைக்கும் சுகவீனத்துக்கும் 7 நாள். அந்த ஏழு நாளுக்கும் நாங்கள் "காரணம்" என்று ஒரு வரி வைத்து, அதை எழுதாவிட்டால் கையெழுத்திடாமல் வைத்திருந்தோம். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஆம் திகதி லீவு எடுக்கும் பிள்ளை ஒவ்வொரு வருடமும் வயிற்றுவலி என்று எழுதுகிறாள். அவளுடைய மேலாளருக்கு அது வயிற்றுவலி இல்லை என்று தெரியும், அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். காரணம் எழுதும் வரியை எடுத்துவிட்டோம். லீவு கூடிவிடும் என்று பயந்தார்கள். பெரிதாகக் கூடவில்லை, வயிற்றுவலிதான் குறைந்தது.

மேலதிகாரிகள் அனுப்பும் குறுஞ்செய்திகளையும் மிஸ்ஸி கேட்டு வாங்கிப் பார்த்தார். மாலையில் வரும் "நாளை 9 மணிக்கு என் அறைக்கு வரவும்" என்பதுதான் அதிகம். எதற்கு என்று இருக்காது. பெரும்பாலும் ஒரு கோப்பு பற்றிய சாதாரண விடயமாக இருக்கும், ஆனால் செய்தி கிடைத்தவர் இரவு முழுக்க எதையெதையோ யோசிப்பார். விடயத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு அனுப்புங்கள் என்று விதி போட்டோம். ஒரு பிரிவுத் தலைவர் மட்டும், "இப்படி ஒவ்வொன்றுக்கும் பயந்தால் வேலை வாங்க முடியுமா?" என்று என்னிடம் சண்டை பிடித்தார். அவரையும் எந்த விடயம் என்று சொல்லாமல் மேலிடத்தில் ஒரு நாள் கூப்பிட்டார்கள். இப்போது விரிவாக எழுதுகிறார்.

இழப்பீட்டுப் பிரிவுக்கு மிஸ்ஸி சொன்னதுதான் எல்லாவற்றிலும் அதிகம் பயன்பட்டது. படங்கள் திறந்தவுடன் முழு அளவில் வரக்கூடாது, தேவையென்றால் மட்டும் அழுத்திப் பெரிதாக்க வேண்டும். மரண இழப்பீட்டுக் கோப்புகள் தொடர்ந்து ஒருவர் கைக்கே போகக்கூடாது, சுற்றி வரவேண்டும். குழந்தை இறந்த கோப்பை அண்மையில் பிரசவித்தவரிடம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். கேட்பது என்றால் எல்லார் முன்னாலும் இல்லை. கணினிப் பிரிவு முதலாவதைச் செய்ய இரண்டு நாள் எடுத்தது. மற்றவை அன்றே தொடங்கின.

மிஸ்ஸியிடமும் குறை இருக்கிறது. மலசலகூடம் மேல்மாடியில் மட்டும் இருப்பதையும் லிப்ட் அங்கே நிற்காததையும் சக்கர நாற்காலியில் வரும் கணக்குப் பிரிவு நண்பர் எடுத்துச் சொல்லும் வரை அவர் கவனிக்கவில்லை. காது மந்தமான ஒருவர் அவருடைய வேகத்தில் பாதியைத் தவறவிட்டார். இந்த இரண்டாம் நாளை ஒரு நாளில் முடிக்க நினைப்பதே கஞ்சத்தனம்; முதல் நாளைக் கைவிட்டு இதை இரண்டு நாளாகத் தாருங்கள் என்று கேட்டால் விலைப்பட்டியலில் அப்படி ஒரு வரி இல்லை என்கிறார்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. தமிழ்ப் பிரதி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வந்ததை வாசித்தால் யாரும் இல்லாத ஒரு நாட்டின் தமிழ். தொலைபேசி உளவளத்துணை அலுவலக நேரத்தில் மட்டும், தமிழ் பேசுபவர் வாரத்தில் சில நாள் மட்டும். அலுவலக நேரத்தில் அலுவலகத்திலிருந்து தன் மனத்தைத் திறந்து பேசுபவர் யார்? தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு 1974இலிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறது. இரண்டுக்கும் நாங்கள் சதமும் கொடுக்கவில்லை. அந்த விபரங்களைக் கமராவுக்குக் கீழே இருக்கும் அறிவித்தல் பலகையில் ஒட்டாமல், மலசலகூடக் கதவுகளின் உட்பக்கத்தில் ஒட்டச் சொன்னது மிஸ்ஸிதான். தொலைபேசிச் சேவையைப் பொதியிலிருந்து கழற்றிவிடுங்கள். அல்லது இரவிலும் தமிழில் பேச ஆள் இருக்கிறார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

வரவேற்பு மேசைப் பெண் திரும்பி வந்த பிறகு அவரிடம் யாரும் ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை. மிஸ்ஸி போகும் முன் அவரோடு வெளியே நின்று தேநீர் குடித்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, அறிக்கையிலும் இல்லை. அது அந்த நாளின் விலைப்பட்டியலில் சேராத வேலை.

அடுத்த வருடத்துக்கு விலைமனு மறுபடி கேட்டிருக்கிறேன். மரம் வேண்டாம், மண்டபம் வேண்டாம், மிஸ்ஸி இரண்டு நாள். கூடவே ஒன்று. அவர்கள் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதால், மேலிடம் நிரந்தர ஊழியரை மட்டுமே எண்ணியது; வாசலில் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கும் காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் வேறு கம்பனியின் ஆட்கள் என்று கணக்கில் வரவில்லை. முதல் நாள் அவர்களுக்கு அழைப்பில்லை, சாப்பாடும் இல்லை. இந்தத் தடவை அவர்களையும் சேர்த்துத்தான் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். தொகை கூடுகிறது என்று மேலிடத்திலிருந்து குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடி மேலே அனுப்புகிறேன்.